உன் நல்லதுக்குத்தான்

காதுவலி வந்தது சின்னவளுக்கு. பிரஷர் இருந்தது பெரியவளுக்கு.

அக்காவும் தங்கையும் ஒரே ஹோட்டலின் லாண்டரியில், ஒரே ஷிப்டில் வேலை பார்த்தார்கள். அன்று வேலை முடிந்ததும் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் சின்னவளின் காதுக்குச் சொட்டு மருந்து எழுதிக்கொண்டிருக்க, சும்மா நின்ற நர்ஸ் துணைக்கு வந்தவளின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பிரஷர் பார்த்து எவ்வளவு நாளாச்சு?"

"பார்த்ததே இல்ல. எனக்கு என்ன கேடு?" பெரியவள் சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள்.

நர்ஸ் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். அவள் முகம் மாறியது. பட்டையைக் கழற்றி, மறு கையில் சுற்றினாள். பிறகு டாக்டரைப் பார்த்தாள்.

"நூத்தித் தொண்ணூறுக்கு நூத்திப் பத்து, டாக்டர்."

"மிஷின் கெட்டுப்போயிருக்கும்" என்றாள் பெரியவள்.

டாக்டர் எழுந்து வந்து தானே பார்த்தார். மிஷின் நன்றாகத்தான் இருந்தது.

"தலைவலி, தலைசுத்தல் ஏதாவது உண்டா?"

"ஒண்ணும் கிடையாது. கல்லு மாதிரி இருக்கேன்."

"அதான் இதோட குணம்மா. சொல்லாம கொள்ளாம உள்ளேயே உட்கார்ந்திருக்கும்." அவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். உப்பைக் குறைக்கச் சொன்னார். ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு மறுபடி வரச் சொன்னார்.

வெளியே வந்து நடைபாதையில் நின்றபோதுதான் பெரியவளுக்கு அது உறைத்தது. தலைவலிக்குக்கூட மாத்திரை போடாதவள் அவள். பட்டை இறுக்கிய இடம் இன்னும் சிவந்திருந்தது. யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள்.

"வீட்ல மாமாகிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றாள் தங்கையிடம். "ஆனா லாண்டரியில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. சூப்பர்வைசர் ரிட்டயர் ஆகப்போறார். அந்த இடம் எனக்குத்தான்னு எல்லாரும் பேசிக்கிறாங்க. இந்த நேரம் பார்த்துச் சீக்காளின்னு பேர் வந்துச்சுன்னா அவ்வளவுதான்."

"நான் போய்ச் சொல்லுவேனாக்கா? என்னைப் போய்…" சின்னவளுக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

ஹோட்டலின் அடித்தளத்தில் இருந்தது லாண்டரி. ஜன்னல் கிடையாது. ஒரு சுவரோரம் துவைக்கும் இயந்திரங்கள் உறுமிக்கொண்டிருக்கும். நடுவில் பெரிய இஸ்திரி ரோலர். ஈரப் படுக்கைவிரிப்பின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் பிடித்து ரோலரின் வாயில் கொடுக்க வேண்டும். நீராவி முகத்தில் அடிக்கும். கையைக் கொஞ்சம் தாமதமாக எடுத்தால் தோல் வெந்துவிடும். பெரியவள் இளம் வயதிலேயே அங்கே வந்து நின்றவள். சின்னவளின் கணவன் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்த காலத்தில், மேனேஜரிடம் கெஞ்சி அவளையும் உள்ளே கொண்டுவந்ததும் அவள்தான்.

பழைய சூப்பர்வைசருக்கு வழியனுப்பு விழா நடந்தது. எல்லாரும் தேநீர்க் கோப்பையோடு நிற்க, மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு புதிய சூப்பர்வைசரின் பெயரைச் சொன்னார்.

சின்னவளின் பெயர்.

எல்லாரும் பெரியவளைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு யாரோ கைதட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். பெரியவளின் கைகளும் தட்டின. அவை தட்டுவது அவளுக்கே தெரியவில்லை.

மேனேஜர் அவளிடம் வந்து குரலைத் தாழ்த்தினார். "உங்களுக்குப் பெரிய மனசும்மா. எனக்கு வேணாம், தங்கச்சிக்குக் குடுங்கன்னு சொல்லி அனுப்பினீங்களே. பிரஷர்னு கேள்விப்பட்டேன். உடம்பைப் பார்த்துக்கோங்க."

உடை மாற்றும் அறையில் சின்னவள் தலையில் மாட்டிய வலைத்தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பெரியவள் கதவைச் சாத்தினாள்.

"நான் எப்போ வேணாம்னு சொன்னேன்?"

சின்னவளின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் வாய் தயாராக இருந்தது. "உன் நல்லதுக்குத்தான்க்கா சொன்னேன். அந்தப் பொறுப்பு, டென்ஷன் எல்லாம் உனக்கு ஆகுமா? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பிள்ளைங்களை யாரு பார்ப்பா? வெளி ஆளுக்குப் போறதுக்கு நம்ம வீட்டுக்குள்ளேயே இருக்கட்டுமேன்னுதான்…"

பளார் என்று ஒன்று விட்டிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். பெரியவள் அடிக்கவில்லை. திட்டவில்லை. அந்த 'உன் நல்லதுக்குத்தான்' அவளுக்குள் நெருப்பாக இறங்கி அங்கேயே தங்கியது. வீட்டில், டாக்சி ஓட்டும் கணவர், "கூடப் பிறந்தவதானே, விட்டுத் தள்ளு" என்று ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டு டாக்சியைத் துடைக்கப் போய்விட்டார்.

மறுமுறை கிளினிக்குக்குப் போனபோது அவள் டாக்டரிடம் ஒன்று கேட்டாள். "சூட்டுல நிக்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாதுன்னு ஒரு சர்ட்டிபிகேட் வேணும் டாக்டர்."

"இந்த நிலைமையில அது நல்லதுதான்" என்று அவரும் எழுதிக் கொடுத்தார்.

லாண்டரியின் மூலையில் சூப்பர்வைசருக்கென்று ஒரு கண்ணாடி அறை உண்டு. பெரியவள் கதவைத் தட்டி, உள்ளே போய், இரண்டு கையாலும் அந்தத் தாளை மேஜைமேல் வைத்தாள்.

"சூப்பர்வைசர் மேடம், என்னால இனிமே ரோலர்ல நிக்க முடியாது."

"என்னக்கா இது, மேடம் அது இதுன்னு…"

"வேலை நேரத்துல அக்கா கிடையாது மேடம். எனக்கு பிரஷர். உங்களைவிட அது யாருக்கு நல்லாத் தெரியும்?"

ரோலருக்கு ஆள் குறைந்தது. புது ஆள் எடுக்க இப்போது வழியில்லை, சமாளித்துக்கொள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் சின்னவள் தன் புதுக் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, தானே ரோலரின் முன்னால் வந்து நின்றாள்.

பெரியவள் எதிரே மேஜையில் உட்கார்ந்து நாப்கின் மடித்தாள். பார்ப்பதற்கு வசதியான இடமாகப் பார்த்துத்தான் நாற்காலியைப் போட்டிருந்தாள். தங்கையின் கழுத்தில் வியர்வை ஓடும்போது, இவள் பாட்டிலைத் திறந்து நிதானமாகத் தண்ணீர் குடிப்பாள். "மேடம், ஓரம் மடியுது பாருங்க" என்று மரியாதையாக எடுத்துச் சொல்வாள். அந்த 'மேடம்' ஒவ்வொரு முறையும் நீராவியைவிடச் சூடாகச் சின்னவளின் முகத்தில் அடித்தது. துவைக்கும் பெண்கள் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். "நமக்குத் துணிதான் வேகும். இங்கே சூப்பர்வைசரே வேகுறாங்கடி."

அம்மா போனில் அழுதாள். "ஒரு வயித்துல பிறந்ததுங்க இப்படியா முறைச்சுக்கிட்டு நிக்கிறது? நீ பெரியவ, விட்டுக்குடுக்கக் கூடாதா?"

"அதான் விட்டுக்குடுத்துட்டேனேம்மா. மேனேஜரைக் கேட்டுப் பாரு, சொல்வாரு" என்று போனை வைத்தாள்.

ஹோட்டலில் பெரிய மாநாடு ஒன்று வந்தது. எல்லா அறைகளும் நிரம்பின. விரிப்புகள் மலையாகக் குவிந்தன. சின்னவள் காலையிலிருந்து ரோலரை விட்டு நகரவில்லை. மதியத்துக்குப் பிறகு திடீரென்று அவள் கையிலிருந்த முனை நழுவியது. கூட நின்றவள் அலறிக்கொண்டு இயந்திரத்தை நிறுத்தினாள். சின்னவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது.

பெரியவள் எழுந்து போனாள். மனதுக்குள் ஒரு குரல் 'நல்லா வேணும்' என்றது. அதை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் தங்கையின் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, டாக்சியோடு கணவரை வரச்சொல்லி, அதே கிளினிக்குக்குக் கூட்டிப் போனாள்.

அதே நர்ஸ். அதே பட்டை. நூற்று எண்பதுக்கு நூற்றுப் பத்து.

"குடும்பத்துல ஓடுது" என்றார் டாக்டர். "உங்க அம்மாவையும் கூட்டிட்டு வந்து காட்டுங்க."

வெளியே வந்ததும் சின்னவள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, மேனேஜர்கிட்ட சொல்லிடாதே. வெக்கையில மயக்கம், சாப்பிடலைன்னு ஏதாவது சொல்லிக்கலாம். சூப்பர்வைசர் வேலை போயிடும்க்கா."

பெரியவள் அந்தக் கையைப் பார்த்தாள். இந்த ஒரு நொடிக்காகத்தான் இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நாப்கின் மடித்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

"எது உன் நல்லதுக்குன்னு யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அவள் மேனேஜரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். மேனேஜர் லாண்டரிக்குள் வரும்போதெல்லாம் எழுந்து அவரிடம் போவாள். சோப்புத்தூள் தீர்ந்துபோனதைப் பற்றிப் பேசுவாள். டிராலியின் சக்கரம் கீச்சிடுவதைப் பற்றிப் பேசுவாள். பேசிக்கொண்டே நடுவில் ஒருமுறை திரும்பி, தங்கையைப் பார்த்துப் புன்னகை செய்வாள். அவ்வளவுதான். சின்னவளின் கை விரிப்போடு அப்படியே நின்றுவிடும். சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. யாராவது 'பிரஷர்' என்றால், அது குக்கரைப் பற்றிய பேச்சாக இருந்தாலும், தூக்கிவாரிப்போட்டது.

"சொல்லணும்னா சொல்லித் தொலையேன்! ஏன் இப்படிக் கொல்ற?" என்று ஒருநாள் உடை மாற்றும் அறையில் வெடித்தாள்.

"நான் என்ன பண்ணினேன் மேடம்? டிராலியைப் பத்திப் பேசினேன்."

அன்று சாயங்காலமே சின்னவள் மேனேஜரின் அறைக்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்ததால், விரிப்பு எண்ண வந்த இரண்டு பேர் கேட்டுக்கொண்டு வந்து எல்லாருக்கும் சொன்னார்கள். தனக்கும் பிரஷர் என்று அவள் சொன்னதற்கு மேனேஜர் சிரித்தாராம். "எனக்கே ரொம்ப வருஷமா இருக்கு. மாத்திரையைப் போட்டுக்கிட்டு வேலையைப் பாருங்க." அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். அவள் வரவில்லை. உட்கார்ந்தபடியே உடைந்து அழுதாளாம். "அக்கா வேணாம்னு சொல்லவே இல்ல சார். நான்தான் பொய் சொன்னேன்."

அதற்கு மேனேஜர் சிரிக்கவில்லை.

கண்ணாடி அறை பெரியவளுக்கு வந்தது. அவள் பிரஷரும் மாத்திரையில் ஒரு கட்டுக்குள் வந்திருந்தது. அம்மா, "இப்பவாவது மனசு ஆறிச்சா?" என்று கேட்டாள். ஆறியது என்றால் அது பொய். ஆறவில்லை என்றால் அதுவும் முழு உண்மை இல்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் நாள் பெரியவளுக்கு இனித்தது என்பது மட்டும் நிச்சயம்.

உட்கார்ந்ததும் அவள் செய்த முதல் வேலை, சின்னவளை ரோலரிலிருந்து எடுத்து நாப்கின் மேஜையில் போட்டது. சூட்டில் நிற்க வேண்டாம், உட்கார்ந்து செய்கிற வேலை. இவ்வளவு நடந்தும் தங்கையை எப்படிப் பார்த்துக்கொள்கிறாள் என்று எல்லாரும் மெச்சினார்கள். மேஜையைக் கண்ணாடி அறைக்கு நேர் எதிரே இழுத்துப் போட்டதை யாரும் கவனிக்கவில்லை. சின்னவள் மட்டும் கவனித்தாள். தலை நிமிர்ந்தால் அக்காவின் முகம்தான். குனிந்தே மடித்துக்கொண்டிருந்தாள்.

சில வாரங்கள் கழித்து மேனேஜர் கண்ணாடி அறைக்கு வந்தார்.

"உங்க தங்கச்சி நம்ம இன்னொரு ஹோட்டலுக்கு மாத்தல் கேக்குறாங்க. அங்கேயும் ஒரு ஆள் தேவைப்படுது. அனுப்பிடலாமா?"

பெரியவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். தங்கை மடிப்பதை நிறுத்திவிட்டு, பல நாளைக்குப் பிறகு தலை நிமிர்ந்து, இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்களில் கெஞ்சல் இருந்தது.

"இங்கேயே ஆள் பத்தலை சார்" என்றாள் பெரியவள். "அவளுக்கு உடம்பும் சரியில்ல. நான் பக்கத்துல இருந்து பார்த்துக்கறதுதான் அவளுக்கு நல்லது."

மேனேஜர் தலையாட்டிவிட்டுப் போனார். பெரியவள் அன்றைய விரிப்புக் கணக்கைப் பார்க்க உட்கார்ந்தாள்.