நகக்கண் அளவு கூடிய ஒயில்

1

இந்தக் கதை எனக்கு எந்த ஞானத்திலும் பிறக்கவில்லை. பேஸ்புக்கில் வாகனக்காரர்கள் கூடும் குழு ஒன்றில் யாரோ கேட்டிருந்தார்: "காருக்கு எஞ்சின் ஒயில் கொஞ்சம் கூடிட்டுது. பிரச்சினையா?" கீழே பதில்கள் குவிந்து கிடந்தன. பாதிப் பேர் ஒன்றும் செய்யாது என்றார்கள். மீதிப் பேர் எஞ்சினுக்கு எழவே சொல்லிவிட்டார்கள். எவ்வளவு கூடியது என்று ஒருவராவது கேட்க வேண்டுமே? கேட்கவில்லை. அந்த எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன்.

அதே கிழமை ஒரு சஞ்சிகை ஆசிரியர் மட்டக்களப்புக் கதை ஒன்று கேட்டார். வாவி வரவேண்டுமாம், பாடும் மீன் வரவேண்டுமாம். வாவி வரும், அது கதை நடக்கிற மண்டூருக்குப் பக்கத்தில் கிடக்கிறது, என்னால் நகர்த்த முடியாது. மீன் வந்தால் குழம்பில்தான் வரும்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

வாவியின் மேல் மாலை வெயில் பொன்னாய்ப் படர்ந்தபோது உதயரூபனின் மனம் எங்கோ

(வேண்டாம். காரின் பொனட்டுக்குள் தலையை விட்டிருப்பவனுக்கு வாவியும் தெரியாது, மாலையும் தெரியாது.)

இரண்டாம் முயற்சி:

உதயரூபன் ஒயில் பார்க்கும் கம்பியைத் துணியால் துடைத்து, திரும்ப விட்டு, திரும்ப எடுத்துப் பார்த்தான். கம்பியில் இரண்டு கோடுகள். ஒயில் மேல் கோட்டையும் தாண்டி ஒரு நகக்கண் அளவு நின்றது.

இது பரவாயில்லை. இனி ஆளைச் சொல்லிவிடுகிறேன். உதயரூபன் வாகரைக்காரன். கம்சாயினியைக் கட்டி மண்டூருக்கு வந்தவன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். ஆகவே வீடு கம்சாயினியுடையது, நெல் மாமனார் கோணாமலையுடையது, கார் அவருடைய உயிர். உதயரூபனுக்கென்று அந்த வீட்டு வளவில் இருந்தது ஒரு பல் துலக்கும் பிரஷ்.

அப்படிப்பட்டவனுக்குக் கோணாமலை முதன்முறையாகக் கார்ச் சாவியைக் கொடுத்திருந்தார். நாளைக்கு வாகரையிலிருக்கும் அவனுடைய அம்மாவுக்கு மட்டக்களப்பில் கண் ஒப்பரேஷன். கூட்டிப்போய்க் கொண்டுவந்து விடத்தான் கார். முதல் கண்ணை வெட்டிய அன்று பஸ்ஸில்தான் வாகரைக்குத் திரும்பினார். நெரிசலில் யாருடைய முழங்கையோ கட்டின் மேல் பட்டது. அந்தக் கண் பிறகு சரிவரவேயில்லை. "பஸ்ஸில போறதெண்டா மத்தக் கண்ணும் இப்பிடியே இரிக்கட்டும் மனே" என்று சொல்லிவிட்டார். மிச்சம் இருப்பது அந்த ஒரு கண்.

(வேன் பிடிக்கலாமே என்பீர்கள். நாளைக்கு மண்டூர்க் கந்தசுவாமி கோயில் தீர்த்தம். ஊரிலுள்ள வேன், ஆட்டோ எல்லாம் எப்போதோ பேசி முடிந்துவிட்டன. நீங்கள் நினைப்பதையெல்லாம் நானும் நினைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.)

3

ஒயில் எப்படிக் கூடியது? காத்தான்குடியில் நௌஷாட்டின் கராஜில் அன்று காலைதான் ஒயில் மாற்றினார்கள். நௌஷாட் கம்பியைப் பார்த்துச் சரியாக ஊற்றி, கேனில் மிஞ்சியதைக் கையில் கொடுத்துவிட்டார். ஒரு சிரட்டை அளவு இருக்கும்.

கோணாமலை ஆயுள் முழுக்க வயல் வட்டையில் நெல் விளைவித்தவர். களத்தில் மரைக்கால் நிறைய அளந்த பிறகு மேலே ஒரு கை அள்ளிப் போடாவிட்டால் அவருக்கு அளந்ததாகவே இராது. வீட்டுக்கு வந்ததும் கேனை ஆட்டிப் பார்த்தார்.

"மருமகன், இதையும் ஊத்திடுங்க. மிச்சம் வெச்சா நல்லாயிரிக்காது."

"நௌஷாட் அளந்துதான் ஊத்தினவர் மாமா."

"அளந்தா மேல ஒரு கை போடத்தானே வேணும்."

உதயரூபனுக்கு எஞ்சின் வேறு, களம் வேறு என்று தெரியும். ஆனால் சட்டைப் பையில் சாவி இருந்தது. சாவி கொடுத்தவருக்கு மாட்டேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஊற்றினான். பிறகு கோணாமலை குனிந்து கம்பியைப் பார்த்தார், நிமிர்ந்தார், வளவுக்கே கேட்கிற மாதிரிச் சொன்னார்: "கூட ஊத்திட்டீங்களே மருமகன்."

(இங்கே எனக்கொரு சந்தேகம். கோணாமலையை நான் வில்லனாக எழுத நினைத்தேன். முதல் வரைவில் பெரிய மீசைகூட வைத்தேன். மழித்துவிட்டேன். அந்த மனிதர் பொய் சொல்லவில்லை. ஊற்றச் சொன்னது தான் என்பதை அவர் உண்மையாகவே மறந்துவிட்டார். எனக்கு வில்லனே மேல்.)

4

உதயரூபன் நௌஷாட்டுக்குப் போன் எடுத்தான்.

"எவ்வளவு கூட?"

"நகக்கண் அளவு."

"ஒண்டும் செய்யா தம்பி. ஓடுங்க."

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் பதில் சின்னதாக இருந்தது, இலவசமாகவும் வந்தது. அப்படி வருகிற பதிலை எங்கள் ஆட்கள் நம்பியதாகச் சரித்திரமில்லை. "அவருக்கென்ன, அவர்ட காரா?" என்றார் கோணாமலை. கட்டாரிலிருந்து லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, எஞ்சின் வெடிக்கும் என்றார். அங்கே இப்படி எத்தனை கார் பார்த்தவராம். அங்கே அவர் ஓட்டியது லிஃப்ட்.

காரோடு வந்த புத்தகமும் இருந்தது. ஜப்பானிய மொழியில். கோணாமலை அதை விரித்து, படம் ஒன்றைப் பார்த்துத் தலையாட்டினார்.*

* உண்மை தெரிய வேண்டுமென்றால்: மேல் கோட்டை மயிரளவு தாண்டினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. நிறையத் தாண்டினால்தான் எஞ்சினுக்குள் சுற்றும் தண்டு ஒயிலை அடித்து நுரையாக்கும். பம்ப் அந்த நுரையை உறிஞ்சினால் ஒயில் போக வேண்டிய இடத்துக்குக் காற்றுப் போகும். அப்போதுதான் கசிவு, புகை, செலவு எல்லாம். இதை மேலே எழுதினால் கதை செத்துவிடும். அதனால்தான் கீழே போட்டிருக்கிறேன். உண்மையை எல்லோரும் அங்கேதான் போடுகிறார்கள்.

5

"கூடினதைக் கழட்டி விடுங்க" என்றார் கோணாமலை. "நாளைக்குப் பாதையில நிண்டா ஆருக்கு மானக்கேடு?"

உதயரூபன் சாக்கு விரித்துக் காருக்கடியில் படுத்தான். வாழ்நாளில் காருக்கடியில் போகாதவன். மேலே இரண்டு நட்டுகள் தெரிந்தன. எது என்று கேட்கலாம் என்றுதான் நினைத்தான். கேட்டால் தெரியாது என்று ஆகிவிடுமே. பெரியதாகத் தெரிந்ததில் ஸ்பேனரைப் போட்டுத் திருகினான்.

சிவப்பாக வழிந்தது.

எஞ்சின் ஒயில் சிவப்பில்லை. அது கியர் பெட்டியின் ஒயில். பதறிப்போய் நட்டை மூடப் பார்த்தான், நட்டு கையிலிருந்து வழுக்கி மணலுக்குள் போனது. கண்டெடுப்பதற்குள் கியர் பெட்டி காலி. தானாகக் கியர் மாறுகிற ஒட்டோ கியர் கார். அந்த ஒயில் இல்லாமல் தன்பாட்டில் ஓர் அடி நகராது. நௌஷாட்டிடம் அந்த ஒயில் கையிருப்பில் இல்லை. கொழும்பிலிருந்து வரவேண்டும் என்றார்.

கராஜுக்கு இழுத்துப் போக வசதியாகக் காரை ரோட்டுக்குத் தள்ளினார்கள். மார்கழி வெள்ளத்துக்குப் பயந்து கோணாமலை காருக்கென்று மண்ணால் மேடு கட்டி, அவசரத்துக்கு இறங்கி ஓட வசதியாக முன்பக்கத்தைச் சரிவில் நிறுத்தி வைத்திருந்தார். கார் சமதரைக்கு வந்து நின்றது. கம்சாயினி போய்ப் பொனட்டைத் திறந்தாள், கம்பியை எடுத்துத் துடைத்து, விட்டு, எடுத்தாள்.

ஒயில் மேல் கோட்டில் நின்றது. தாண்டியதென்றால் ஒரு மயிரளவு.

"சரிவில வெச்சுப் பாத்தா ஒயில் முன்னுக்கு, கம்பிப் பக்கம்தானே வரும்" என்றாள். பிறகு அப்பாவையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். "இதுக்குத்தானா இவ்வளவும்?"

கோணாமலை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோயில் பக்கம் நடந்தார். உதயரூபன் மணலில் பரவிய சிவப்பைப் பார்த்தபடி குந்தியிருந்தான். வெட்கத்தில் அவனுக்கு அழுகை வந்தது, அழவும் வெட்கமாக இருந்தது.

6

முடிவு, முதல் வகை: கோணாமலை மனம் திருந்தி, கோயிலில் தெரிந்தவர் ஒருவரிடம் வேன் கேட்டு, மருமகனின் தோளில் கை வைத்து

(சஞ்சிகை ஆசிரியருக்கு இது பிடிக்கும். ஆகவே இல்லை.)

இரண்டாம் வகை: உதயரூபன் பஸ்ஸில் வாகரைக்குப் போகிறான். அம்மா வெள்ளைச் சேலை கட்டி, வாசலில் கதிரை போட்டு, அயலவர்களிடம் "மகன் காரோட வாறான்" என்று

(இதை எழுத எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு நேரமும் எல்லோரையும் நக்கலடித்தவனுக்கு இந்த இடத்தில் பேனா நிற்கிறது. சிரிக்காதீர்கள்.)

மூன்றாம் வகை என்னிடம் இல்லை. இருப்பது இதுதான்: போன் அடிக்கிறது. திரையில் 'அம்மா'. உதயரூபனின் இரண்டு கையிலும் சிவப்பு ஒயில். அதை ஒரு காரணமாக வைத்துக்கொண்டு அவன் எடுக்காமல் இருக்கிறான்.

நீங்கள் எடுங்கள். அன்று அந்தப் பேஸ்புக் குழுவில் எவ்வளவு பேர் இருந்தீர்கள், எவ்வளவு விளக்கம் சொன்னீர்கள். அம்மா ஒயிலைப் பற்றி ஒன்றும் கேட்கப் போவதில்லை. தெரிகிற அளவு கண்ணால் பட்டனைத் தேடி அமத்தியிருக்கிறார். கேட்பது இவ்வளவுதான்:

"மனே, விடிய எத்தின மணிக்கு வாறாய்? நான் வெளிக்கிட்டு நிக்கட்டா?"