காற்று புகாத வண்டி

தெருவே ஐஸ்காரர் என்று கூப்பிட்டாலும் அந்த மனிதர் ஒரு நாளும் ஐஸ் விற்றதில்லை. குளிர்கிடங்குகளைப் பழுது பார்ப்பவர். மீன் கிடங்கு, பால் கிடங்கு, மருந்துக் கிடங்கு, எது படுத்துக்கொண்டாலும் இவருக்குத்தான் போன் வரும். கதவிடுக்கில் ஒரு முடி நுழைகிற சந்து இருந்தால் போதும், மோப்பம் பிடித்து அடைத்துவிட்டுத்தான் மறுவேலை. சும்மா சொல்லக் கூடாது, அதில் ஆள் கில்லாடி.

அவர் மனைவி தபால் நிலையக் கவுன்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஓய்வு பெற்ற அன்று சாயங்காலம், செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்.

"இனிமேலாவது நாம ரெண்டு பேரும் ஒரு ஊருக்குப் போய்ட்டு வரலாங்க."

கல்யாணமான நாளிலிருந்து ஏழெட்டுத் தடவை கிளம்பியிருக்கிறார்கள். ஏழெட்டும் வாசலோடு சரி. சொல்லிவைத்தாற்போல் அன்றைக்கென்று பார்த்து ஏதாவது ஒரு கிடங்கு மண்டையைப் போடும். இவர் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அவள் பெட்டியைப் பிரித்துத் துணிகளைத் திரும்ப அலமாரியில் அடுக்குவாள். இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது என்று ஐஸ்காரர் மனசார நினைத்தார். நினைத்தவர் என்ன செய்திருக்க வேண்டும்? இரண்டு டிக்கெட் எடுத்திருக்க வேண்டும். மனுஷன் வேன் வாங்கினார்.

ரொட்டித் தொழிற்சாலைக்குப் பின்னால் கோழிகள் குடியிருந்த பழைய வேன் அது. உள்ளே படுக்கை, மடக்கு மேஜை, அடுப்பு, கைகழுவும் தொட்டி எல்லாம் உண்டு. அதாவது, ஒரு காலத்தில் உண்டு. இன்ஜின் பின்பக்கம். ரேடியேட்டரும் கிடையாது, தண்ணீரும் கிடையாது. காற்று பட்டே சூடு தணிகிற இன்ஜின். கயிறு கட்டி இழுத்துவந்து வீட்டு முன்னால் நிறுத்தியபோது அவள் ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள்.

"என்னங்க இது?"

"வீடு மாதிரிம்மா. எங்க வேணா நிறுத்தலாம், படுக்கலாம்."

"நமக்குத்தான் வீடு இருக்கே."

பதின்மூன்று மாதம் போயிற்று. தரைத் தகட்டில் காலை வைத்தால் ரோடு தெரிந்தது. அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தார். ஜன்னல் ரப்பர்களை மாற்றினார். கோழி எச்சம் சுரண்டவே ஒரு வாரம். இன்ஜினுக்கு ஒரு மெக்கானிக்கைப் பிடித்தார். எப்போதும் வாயைப் பிளந்துகொண்டே இருப்பதால் அவனுக்குக் கொட்டாவி என்று பெயர். பேர்தான் கொட்டாவி, வேலையில் சூரன். இன்ஜினை இறக்கி, பிரித்து, புதுப் பிஸ்டன் போட்டு ஏற்றினான். பின்மூடியைத் திறந்துவைத்தபடியே ஓட்டிக் காட்டினான். தையல் மெஷின் மாதிரி ஓடியது.

அந்த வாரம்தான் அவள் சொன்னாள்.

"வர்ற பத்தாம் தேதி காலைல நான் கிளம்பறேன். வண்டி ரெடின்னா சேர்ந்து போலாம். இல்லேன்னா பஸ் இருக்கு, நான் பாட்டுக்குப் போறேன்."

குரலில் கோபமே இல்லை. கோபம் என்றால் ஐஸ்காரர் சமாளித்துவிடுவார், அதில் அவருக்குப் பழக்கம் உண்டு. இது அவருக்குப் புதுசு. அவள் தனியாகப் போவது பற்றிக்கூட அவருக்குப் பயமில்லை. தனியாகப் போய், அதுவே நன்றாக இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால்? அந்த நினைப்புதான் அவரைத் தின்றது.

ஒன்பதாம் தேதி கடைசிச் சோதனை என்று குழாயைப் பிடித்து வண்டி முழுக்கத் தண்ணீர் அடித்தார். ஜன்னல்களில் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் பின்பக்கம் இரண்டு ஓரத்திலும் வரிவரியாகத் திறப்புகள் இருந்தன. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போனது. ஐஸ்காரர் கண்ணுக்குச் சந்து பட்டால் கை சும்மா இருக்குமா? அளவெடுத்து ஃபோம் வெட்டினார், உள்பக்கமாகச் செருகினார், மேலே அலுமினிய டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டினார். அடடா, என்ன வேலை! மருந்துக் கிடங்குக்குக்கூட அப்படிச் செய்ததில்லை.

பத்தாம் தேதி காலையில் கிளம்பினார்கள். அவள் முன்சீட்டில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். ஊரைத் தாண்டும்வரை வண்டி ஜோராகப் போனது. அவள் ஒரு தடவை சிரிக்கக்கூடச் சிரித்தாள். மேடு வந்ததும் கருகல் வாசனை. சிவப்பு விளக்கு எரிந்தது. பின்னால் கடகடவென்று சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை.

போன் போட்டதும் கொட்டாவி பைக்கில் வந்து சேர்ந்தான். பின்மூடியைத் திறந்தான். டேப்பைப் பார்த்தான். முதல் தடவையாக அவன் வாய் மூடியிருந்தது.

"அண்ணே, இதை யாருண்ணே அடைச்சது?"

"நான்தான்ப்பா. தண்ணி உள்ள போச்சு."

"அது காத்து போற வழிண்ணே! மூக்கைப் பொத்திட்டு மேடு ஏறச் சொன்னா அது எப்படி ஏறும்? சூட்டுல இன்ஜின் உள்ள இறுகி சீஸ் ஆயிடுச்சு."

"எத்தனை நாளாகும்?"

"பிஸ்டன் கிடைச்சா மூணு மாசம்."

ஐஸ்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இத்தனை வருஷம் சோறு போட்ட கை இன்றைக்குக் குழி பறித்துவிட்டது. மனைவி பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். கொஞ்சதூரத்தில் பஸ் நிறுத்தம். அதை நோக்கி நடந்தாள். அவர் பின்னாலேயே போனார்.

"மூணே மாசம்மா. இந்தத் தடவை பக்காவா பண்ணிடறேன்."

அவள் நின்றாள்.

"நான் எப்பங்க வண்டி கேட்டேன்? உங்களைத்தான கூப்பிட்டேன்."

பஸ் வந்தது. அவள் ஏறிவிட்டாள். ஐஸ்காரர் திரும்பி வேனைப் பார்த்தார். பிறகு சாவியைக் கொட்டாவி பக்கம் வீசிவிட்டு, நகரத் தொடங்கிய பஸ்ஸில் தொற்றி ஏறினார். "அண்ணே, வண்டி?" என்று கொட்டாவி கத்துவது கேட்டது. அவள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டு இடம் விட்டாள்.

கண்டக்டர் வந்து, "எந்த ஊர்?" என்றார்.

ஐஸ்காரர் வாயைத் திறந்தார். சொல்ல ஊர் இல்லை. தகடு கேட்டு அலைந்திருக்கிறார், ரப்பர் கேட்டு அலைந்திருக்கிறார், இவளிடம் எந்த ஊர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

"நாம எங்கம்மா போறோம்?"

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் கண்டக்டரிடம் ஊரின் பேரைச் சொன்னாள்.

"எத்தனை பேரும்மா?"

அவள் பையைத் திறந்து பர்ஸை எடுத்தாள். ஐஸ்காரர் கிரீஸ் கையை முழங்காலில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ரெண்டு" என்றாள்.