நாற்பத்தொன்றாம் காட்சிப்பொருள்

எங்கள் அருங்காட்சியகத்தில் நாற்பது பொருட்கள் இருக்கின்றன. இரண்டாவது மாடி, மூன்று அறை, லிஃப்ட் கிடையாது. ரங்கூன் யூதர்களின் மரபைக் காப்பது நோக்கம். காப்பவர்கள் இரண்டு பேர். தலைவி மிஸ்பா அக்கா. நாகூர்ப் பக்கமிருந்து வந்து குடைக்கடை வைத்த குடும்பம். வழிகாட்டி நான், பிரேம்நாத்; கொள்ளுத்தாத்தா அலோன் துறையில் அரிசி மூட்டை சுமந்தவர். ஊரில் மிச்சமிருக்கும் யூதர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களுக்கு உருப்படியான வேலைகள் இருக்கின்றன.

வருகிற வெளிநாட்டுக்காரர் ஒவ்வொருவரும் "நீங்கள் யூதரா?" என்று கேட்பார். "இல்லை, தமிழர்" என்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டு என்னையும் ஒரு படம் எடுத்துக்கொள்வார்.

எங்களுக்குப் படியளப்பது மெல்போர்னில் உள்ள ஓர் அறக்கட்டளை. அந்தப் பணத்தைக் கொண்டு தின்கன்ஜூன் பேட்டையிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை பஸ்ஸில் அழைத்து வருகிறோம். மாதம் ஒரு சொற்பொழிவு நடத்துகிறோம். கூட்டம் குறைந்தால் கீழ்வீட்டு டீக்கடைக்காரரை மேலே கூப்பிடுவோம். இவை எல்லாவற்றையும்விட எங்கள் பெருமை 'நிலைக்கணக்கு'.

யூதர் வீட்டு வாசல் நிலையில், உள்ளே நுழையும்போது வலப்பக்கம், தோள் உயரத்தில், விரல் நீளத்துக்கு ஒரு கூடு அடித்திருக்கும். மெசூசா என்பார்கள். அதற்குள் தோல் சுருளில் கையால் எழுதிய வேத வரிகள் இருக்கும். வீட்டுக்காரர்கள் போய், கூடும் போனபிறகு, ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு ஆணித்துளைகள் மிஞ்சும். பிள்ளைகள் தெருத் தெருவாக அலைந்து அந்தத் துளைகளைக் கண்டுபிடித்து வரைபடத்தில் குறிப்பார்கள். இதுவரை அறுபத்து மூன்று வாசல்கள். அதில் நாலைந்து பழைய காலிங்பெல்லாக இருக்கலாம். பிள்ளைகள் மனம் நோகக் கூடாதென்று விட்டுவைத்திருக்கிறோம்.

போன மாதம் அறக்கட்டளையிலிருந்து கடிதம் வந்தது. மதிப்பீட்டாளர் ஒருவர் வருகிறார். இந்த ஊருக்கும் இந்த மரபுக்கும் உயிருள்ள தொடர்பு எதுவும் தெரியவில்லை என்றால் நிதி நிறுத்தப்படும். நாற்பது பொருட்களும் பாதுகாப்பான ஓரிடத்துக்கு, அதாவது மெல்போர்னுக்கு, கொண்டுபோகப்படும்.

மிஸ்பா அக்கா கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். பிறகு தச்சரைக் கூப்பிட்டு மூன்று மரப்பெட்டிக்கு அளவு கொடுத்தாள்.

"இப்பவே என்னக்கா அவசரம்?"

"கொண்டுபோறதுன்னு ஆச்சுன்னா உடையாமப் போகட்டும், தம்பி. பத்து வருஷம் தொடைச்ச பொருள்."

பெட்டிகள் வந்து வாசலருகே நின்றன. அக்கா அந்தப் பக்கம் திரும்பாமல் நடக்கப் பழகிக்கொண்டாள்.

மதிப்பீட்டாளர் திர்ஸா அம்மையார் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வந்தார். ஐம்பது வயதிருக்கும். பழைய ஏடுகளைச் செப்பனிடுவதுதான் அவர் தொழிலாம். வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பொழுது சாய்வதற்குள் நான் விடுதிக்குப் போயாக வேண்டும். சபாத், எங்கள் ஓய்வுநாள், தொடங்கிவிட்டால் எழுதவோ வேலை செய்யவோ மாட்டேன்."

ஏழாவது பொருளின் முன் நெடுநேரம் நின்றார். எங்களிடம் இருந்த ஒரே மெசூசாச் சுருள் அது. கண்ணாடிப் பெட்டிக்குள் பொரித்த அப்பளம் போலக் கிடந்தது.

"எழுத்து எங்கே?"

"மழை தின்றுவிட்டது, அம்மா" என்றேன். "இங்கே ஐந்து மாதம் மழை. மற்ற மாதங்களில் பூஞ்சை."

அவர் சிரிக்கவில்லை. வரைபடத்தைப் பார்த்தார். "அறுபத்து மூன்று துளைகள். துளைகளை நன்றாகக் காப்பாற்றியிருக்கிறீர்கள். ஒரே ஒரு வாசலிலாவது கூடு இன்னும் இருக்கிறதா?"

மிஸ்பா அக்கா பெட்டிகளைப் பார்த்தாள். அன்றுதான் முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

"ஒன்று இருக்கிறது" என்றேன்.

"எங்கடா?" என்றாள் அக்கா தமிழில்.

"எங்க வீட்டுலதான்க்கா."

அக்கா என்னைப் பார்த்த பார்வையை இருபத்தாறு மாதச் சம்பளத்தாலும் ஈடுகட்ட முடியாது. அத்தனை மாதமாக நான் அங்கே வேலை செய்கிறேன்.

சொல்லாததற்குக் காரணம் என் அம்மா சத்யபாமா. யுத்தத்தில் ஊரைவிட்டுப் போன குடும்பத்தின் வீடு எங்களுடையது. கொள்ளுத்தாத்தா குடிவந்தபோதே நிலையில் அந்தக் கூடு இருந்தது. என்னவென்று தெரியவில்லை, ஆனால் பார்த்தால் மரியாதைப்பட்டதாகத் தெரிந்தது. மரியாதைப்பட்டதாகத் தெரிகிற எதையும் எங்கள் வீட்டில் சும்மா விடமாட்டார்கள். வாராவாரம் வெள்ளிக்கிழமை அதற்குச் சாந்து, குங்குமம். சந்தனம் விற்கிற விலைக்கு அம்மா பூசுவது தனாக்கா. பர்மியப் பெண்கள் கன்னத்தில் தடவும் அதே மரச்சாந்து. எண்பது வருடத்தில் அது ஒரு கோவைக்காய் பருமனுக்கு உப்பியிருந்தது. இன்னொருவர் வேதத்துக்குப் பொட்டு வைத்த குடும்பத்தின் பிள்ளை என்று வரைபடத்தில் எப்படிக் குறிப்பது?

மூவரும் டாக்ஸியில் போனோம். மாடியேறும்போது அம்மா கூட்டின் முன் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். பொட்டு ஈரமாகவே இருந்தது.

திர்ஸா அம்மையார் நின்றுவிட்டார். மிஸ்பா அக்கா என் கையைக் கிள்ளினாள்.

"யாருடா இந்தச் சயாமா?" என்று கேட்டாள் அம்மா. படித்த பெண்களை அம்மா பர்மிய வழக்கப்படி சயாமா என்றுதான் சொல்வாள்.

"இந்தக் கூட்டுக்குச் சொந்தக்கார ஜனம்மா. திறந்து பார்க்கணுமாம்."

"வெள்ளிக்கிழமை அதுவுமா கழட்டுவாங்களா? விளக்கு வைக்கிறதுக்குள்ள திரும்ப மாட்டணும். இல்லைன்னா தொடவே கூடாதுன்னு சொல்லு."

சொன்னேன். "எனக்கும் அதே நேரம்தான். இருட்டினால் நான் சுத்தியலைத் தொட முடியாது" என்றார் அவர்.

அதன்பிறகு இரண்டு பேரும் என்னைக் கலந்துகொள்ளவில்லை. அம்மா சுத்தியலும் வெந்நீரும் கொண்டுவந்தாள். அவர் மெல்லிய கத்தியால் சாந்தை ஓரத்தில் மட்டும் கீறினார். ஆணிகள் இரண்டும் கழன்றன. கூட்டின் இரு முனையும் சாந்து காய்ந்து கல்லாக இறுகிக் கிடந்தன. கீழ்முனையை விண்டு, சாமணத்தால் சுருளை இழுத்தார்.

ஏழாவது பொருளும் வெளியே வரும்போது இப்படித்தான் சுருண்டு வந்திருக்கும்.

மெதுவாக விரித்தார். தோல் பழுத்த வாழையிலை நிறத்தில் இருந்தது. எழுத்து கறுப்பாக, வரிசை கலையாமல், நேற்று எழுதியதுபோல நின்றது. பூச்சி இல்லை, பூஞ்சை இல்லை. முதல் சொல்லை வாய்விட்டு வாசித்தார். கூட்டைத் திருப்பி அதன் முனைகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"காற்றே உள்ளே போகவில்லை" என்றார் பிறகு. "இந்தச் சாந்து முழுக்க அடைத்திருக்கிறது. எத்தனை நாளுக்கு ஒரு முறை பூசுகிறார்?"

"வாரா வாரம். எண்பது வருடமாக."

"மெல்போர்னில் இதற்கு ஒரு அறை கட்டியிருக்கிறோம்" என்றார். "ஏசிக்கு மட்டும்..."

மிஸ்பா அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "சத்யா அக்கா, இதை மியூசியத்துல வைக்கக் குடுப்பீங்களா?"

"நல்லாருக்கே! எடுத்துட்டுப் போயிட்டா இந்த வீட்டை யாரு பார்த்துக்குவா? நீயா?"

வெளியே வெயில் மஞ்சளாகிவிட்டது. திர்ஸா அம்மையார் சுருளைப் பழையபடி சுற்றி உள்ளே விட்டார். ஆணிகளைப் பழைய துளைகளில் வைத்தார். சுத்தியலை எடுத்தவர், கொஞ்சம் தயங்கி, அம்மாவிடம் நீட்டினார். அம்மா நாலே அடியில் இறக்கினாள். விண்ட முனையில் புதுச்சாந்தை அப்பினாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ஒருவர் டாக்ஸிக்கு, ஒருவர் விளக்குக்கு.

அறிக்கை மூன்று வாரத்தில் வந்தது. நிதி இன்னும் மூன்று ஆண்டுக்கு. பஸ்ஸும் உண்டு, நிலைக்கணக்கும் உண்டு. நாற்பது பொருட்களும் ரங்கூனிலேயே இருக்கும். கீழே ஒரு வரி: "காட்சிப்பொருள் 41: இருக்குமிடம், திருமதி சத்யபாமா வீட்டு வாசல். இடம் மாற்றக் கூடாது. பாதுகாப்பு முறை: தனாக்கா, வாரம் ஒரு முறை."

மிஸ்பா அக்கா அந்த வரியைச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டினாள். மரப்பெட்டிகளில் இப்போது பள்ளிப் பிள்ளைகளின் செருப்பு கிடக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் அவர்களை எங்கள் மாடிக்குக் கூட்டிப்போகிறேன். அம்மா வாசலில் நின்று ஒரு மணிநேரம் விளக்கம் சொல்கிறாள். அதில் பாதி சரியாகவே இருக்கிறது.

போன வாரம் அம்மா முதல்முறையாக அருங்காட்சியகத்துக்கு வந்தாள். ஏழாவது பொருளைப் பார்த்து உச்சுக் கொட்டினாள். அடுத்த நாள் தனாக்காக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"அந்த நாற்பதையும் இப்படிக் காயவிட்டு வச்சிருக்கீங்களே. வழிவிடுடா."

இப்போது நானும் மிஸ்பா அக்காவும் முறைபோட்டு அருங்காட்சியக வாசலில் காவலுக்கு உட்காருகிறோம்.