காதைத் தொட்ட தோள்

ஹா பள்ளத்தாக்கில் லெண்டுப்பின் மூங்கில் வில்லை இழுக்கக்கூடியவர்கள் மூன்றே பேர் என்பார்கள். உண்மையில் இரண்டு பேர்தான். மூன்றாமவரான லெண்டுப்புக்கே அது சரிவர முடியாமல் போய் ஏழு மாதம் ஆகிறது. வில் பிடிக்கும் இடது தோளில் ஊசியை ஏற்றித் திருகுவதுபோல வலி. தச்சு வேலை செய்பவர். இழைப்புளியைத் தள்ளினால்கூட இப்போது பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. தோள் போனால் வில்லும் போச்சு, சோறும் போச்சு. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. கனத்த வில்லைக் கீழே வைத்தவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று அவருக்குத் தெரியும். அப்படிப் பார்த்தவர்களில் அவரும் ஒருவர்.

புத்தாண்டுப் பந்தயத்துக்கு முன்பு வில்லாளிகள் வீட்டில் படுக்கக் கூடாது. பெண்டாட்டி பக்கத்தில் இருந்தால் குறி தப்புமாம். அதனால் சாராயத்தைச் சூடு பண்ணித் தோளில் தேய்த்துவிட மனைவி பேமாவும் இல்லை. நல்ல வழக்கம்! அதை ஏற்படுத்திய புண்ணியவானுக்குத் தோள் வலித்திருக்காது.

காலையில் ஆட்டம் தொடங்கியது. எதிரணி அக்கரை ஊர். வில்லெடுப்பவரைக் கேலி செய்து கையை நடுங்க வைப்பது அவர்கள் ஊர்ப் பெண்களின் வேலை. அதில் சிம்மியை மிஞ்ச ஆள் இல்லை. லெண்டுப் வில்லைத் தூக்கியதும் அவள் எதிரே வந்து நின்று, கையை நீட்டி, தோளைக் காதுவரை ஏற்றி, கழுத்தை உள்ளே இழுத்து முக்கிக் காட்டினாள்.

"பாருங்கடி! தச்சரோட தோளு காதுல ரகசியம் சொல்லுது! 'எறக்கி விடுய்யா, எறக்கி விடுய்யா'ன்னு அழுவுது!"

மைதானமே சிரித்தது. அம்பு குறிப்பலகையைத் தாண்டிச் சேற்றில் விழுந்தது.

மைதானத்தின் இரு முனையிலும் பலகை உண்டு; மாறி மாறி எய்வார்கள். அடுத்த சுற்றுக்கு எதிர்முனைக்கு நடக்கும்போது லெண்டுப்புக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாதி வழியில் அது சந்தேகமாக மாறியது. ஊரில் எல்லாரும் அம்பெய்வதைப் பார்த்திருக்கிறார். தான் எய்வதைப் பார்த்ததே இல்லை. யாரும் கவனிக்காதபோது வெறுங்கையை நீட்டி, அவள் காட்டியதுபோலத் தோளை ஏற்றிப் பார்த்தார். சுருக்கென்றது. கீழே தளர விட்டார். ஒன்றுமில்லை. பிறகு வில்லைத் தூக்கிப் பாதி இழுத்தார். வேண்டாம் வேண்டாம் என்று அடக்கியும் தோள் மேலே ஏறியது. தூக்க முடியாத சுமைக்குத்தான் அது முட்டுக் கொடுக்கிறது என்று அப்போது புரிந்தது.

நேராக அணித்தலைவன் நாம்கேயிடம் போனார்.

"உன் மச்சானோட வில்லைக் குடுப்பா."

"அதுவா? சின்னப் பயலுவ இழுக்கிறதுண்ணே அது!"

"என் வில்லை என்னால இழுக்க முடியல. ஏழு மாசமா."

நாம்கே வாயைப் பிளந்தான். "இதைச் சொல்ல இன்னைக்குத்தான் நாள் கெடச்சுதா?"

"ஏன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது."

லேசான வில்லைக் கண்டதும் அக்கரைப் பெண்கள் விடுவார்களா? "வீட்டுக்காரி வில்லா அண்ணே?" என்று ஒருத்தி கத்த, அவருடைய ஆட்களே சிரித்துவிட்டார்கள். லெண்டுப்புக்கு முகம் சுட்டது. இருந்தும் தோளை இறக்கி, முதுகால் இழுத்து, முழங்கையைப் பின்னால் கொண்டுபோனார். முதல் அம்பு பத்தடி முன்னாலேயே விழுந்தது. மறுபடி சிரிப்பு. இரண்டாவதுக்குக் கொஞ்சம் மேலே குறிவைத்தார். தோளை மட்டும் ஏற்றவில்லை. அம்பு பலகையின் கீழ்விளிம்பில் குத்தி நின்றது. அவருடைய ஆட்கள் அங்கே ஓடி, குறி பட்டால் ஆடும் வழக்கப்படி ஆடினார்கள். அவர் ஆடாமல் கையைச் சுழற்றிப் பார்த்தார். பழைய வலி இருந்தது. புதிதாக எதுவும் சேரவில்லை. அழுகை வரும்போல இருந்தது.

சாப்பாட்டு வேளையில் சிம்மி தேநீர்க் கிண்ணத்தோடு வந்தாள். வில்லை மாற்றியபோது அவள் ஒருத்திதான் சிரிக்கவில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஏம்மா, அச்சு அசலா என்னை மாதிரியே எப்பிடிக் காட்டினே?"

"அஞ்சு வருசமா வீட்டுல பாத்ததுதானே அண்ணே." அவள் தாடையால் சுட்டிய இடத்தில், ஆட்டத்தில் சேராமல் ஓர் ஆஜானுபாகுவான ஆள் இடது கையை அங்கிக்குள் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "எங்க வீட்டுக்காரரு. இப்ப அந்தக் கையால இந்தக் கிண்ணத்தைக்கூடத் தூக்க முடியல. அப்பவும், எடுத்தா அந்தப் பெரிய வில்லுதான், இல்லேன்னா வேணாம்கிறாரு. நானும் தொண்டைத் தண்ணி வத்தக் கத்திட்டேன். பொண்டாட்டி சொன்னா காதுல ஏறுமா?"

காலையில் மைதானத்தையே சிரிக்க வைத்தவள் கிண்ணத்தை அவர் பக்கத்தில் வைத்தாள்.

"நீங்க எதிராளி, அதே மாதிரி பெரிய வில்லை இழுத்தவரு. நீங்க சொன்னா கேப்பாரு. வாங்கண்ணே."

லெண்டுப் அந்தச் சின்ன வில்லையும் எடுத்துக்கொண்டு அவளோடு நடந்தார்.