போவது கிட்ட, வருவது தூரம்

1

எனக்கு மிச்சமிருக்கிற முடிக்கு மாதாமாதம் சலூனுக்குப் போவது ஆடம்பரம்தான். கதை ஏதாவது கிடைக்குமே என்று போகிறேன். இதுவும் அங்கே பொறுக்கியதுதான். முதலில் இப்படித் தொடங்கினேன்:

'ஏழு கடல்களுக்கு அப்பால், வெள்ளுடையில் ஒரு தேவதை —'

அடித்துவிட்டேன். சலூன்காரரின் மனைவி தூரதேசத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவ்வளவுதான். உடுப்பும் நீலம். கண்ணாடி ஓரத்தில் செருகியிருக்கும் படத்தில் நானே பார்த்திருக்கிறேன்.

2

"போறது கிட்ட சார், வர்றதுதான் தூரம்" என்றார் சலூன்காரர்.

"அதெப்படி?"

"அவ லீவுக்கு வந்துட்டுப் போனப்ப ரெண்டு டிக்கெட்டையும் பாத்தேனே. இங்க காலைல பத்துக்கு ஏறினா மத்தியானம் மூணுக்கு அங்க எறங்கிடலாம். அஞ்சே மணி நேரம். அங்க பத்துக்கு ஏறினா, இங்க வந்துசேர ராத்திரி ஒரு மணி. பதினஞ்சு மணி நேரம் சார், பாவம். அதான் அடிக்கடி வர முடியல."

அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட ஐந்து மணி நேரம் பின்னால் ஓடுகிறது என்பதை மனிதர் மறந்துவிட்டார். போகவும் பத்து மணி நேரம், வரவும் பத்து. (எதிர்காற்று அடித்தால் கொஞ்சம் கூடும். அதைக் கதைக்குள் விடவில்லை.) சொல்லியிருக்கலாம். ஆனால் சவரக்கத்தி தொண்டைக்குழியில் இருக்கும்போது யாருடைய கணக்கையும் திருத்துவதில்லை என்பது என் கொள்கை.

3

வீட்டுக்கு வந்து தாளில் திருத்தினேன். தாளில் நான் புலி. கதைக்குள் அவருக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். கத்தரி நின்றது.

"அப்ப ரெண்டும் ஒரே தூரந்தானா சார்?"

அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அந்த அம்மா வராததற்கு அவரிடம் இருக்கும் ஒரே சமாதானம் அந்தத் தூரம். அதையும் நான் பிடுங்கிக்கொண்டு —

பக்கத்தைக் கிழித்தேன்.

4

அடுத்த மாதம் நான் நாற்காலியில் இருக்கும்போதே போன் வந்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, எனக்கு வேலைய நிரந்தரமாக்கிட்டாங்க."

"சந்தோஷம்" என்றார். என் காதோரத்தில் கத்தரி வெறுங்காற்றை வெட்டியது.

"அந்தச் சந்தோஷம் இங்க வரைக்கும் கேக்குது. போறது கிட்டன்னு தலையக் குடுக்குறவங்ககிட்டல்லாம் சொல்றீங்கல்ல? அப்ப கெளம்பி வாங்க. இங்கயும் ஆம்பளைங்களுக்கு முடி வளருது."

"கடை?"

"கடைக்கு நாலு செவுரு இருக்கு, தனியா இருந்துக்கும். எனக்குத்தான்..."

இந்த வாக்கியத்தைப் பாதியில் விட்டது நானல்ல.

5

தாளில் அவரை விமானத்தில் ஏற்றிப் பார்த்தேன். மூன்று மணிக்கு இறங்கிவிடலாம் என்று நம்பி உட்கார்ந்தவர், ஐந்து மணி நேரம் போன பிறகும் ஜன்னலுக்கு வெளியே மேகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பாதி வழிதான் வந்திருக்கிறது. என்னை மன்னிப்பாரா தெரியவில்லை.

ஏற்றாமலும் பார்த்தேன். அது சகிக்கவில்லை.

ஆகவே அவரை நாற்காலிக்குப் பின்னாலேயே நிறுத்தியிருக்கிறேன். போனை வைத்துவிட்டு, படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சவரக்கத்தியை எடுத்து என் கழுத்தில் வைத்து, கண்ணாடி வழியாக என் கண்ணைப் பிடிக்கிறார்.

"சார், நெஜமாவே போறது கிட்டதானே?"

உங்களுக்கும் கேட்டிருக்கும். எனக்குப் பாதித் தலைதான் ஆகியிருக்கிறது, கத்தி என் கழுத்தில் இருக்கிறது. உங்கள் கழுத்தில் ஒன்றும் இல்லையே.

நீங்கள் சொல்லுங்கள்.