பத்தில் ஏழு

மேற்பார்வையாளர் வேலைக்கான நேர்காணலுக்கு ஒரே ஆளைத்தான் கூப்பிட்டிருந்தார்கள்: லேபிள் மெஷின் ஓட்டும் மீசைக்காரரை. மருந்துப் புட்டிகளைப் பெட்டியில் அடைக்கும் கூடத்தில் பன்னிரண்டு வருஷம் நின்றே கால் வீங்கிய சித்தியின் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. மேலாளர் சொன்ன காரணம் ஒரே வரி. போன வருஷம் வேலையை விட்டுப் போன பத்துப் பேரில் ஏழு பேர் பெண்கள்; ஆகவே பெண்கள் நிலைக்க மாட்டார்கள்.

சித்தியின் அக்கா மகளுக்குப் பட்டப்பெயர் டிகிரி. குடும்பத்தில் முதல் பட்டதாரி என்பதால் கூடமே அவளை அப்படித்தான் கூப்பிட்டது. அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. அந்தப் பத்துப் பேர் பட்டியலைத் தயாரித்து மேலாளர் மேசையில் வைத்ததே அவள்தான்.

"நீ குடுத்த காகிதம்தான்டி என் பொழப்புல மண்ணு அள்ளிப் போட்டுச்சு," என்றாள் சித்தி, டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே. "படிக்க வச்சதுக்கு நல்லா செஞ்ச."

சண்டைக்கு வாயெடுத்த டிகிரி அப்படியே நின்றுவிட்டாள். போனவர்களை எண்ணியாயிற்று. இருந்தவர்களை யார் எண்ணினார்கள்? ஓடிப்போய் வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். போன வருஷம் பெண்கள் நூறு பேர், ஆண்கள் இருபதே பேர். நூறில் ஏழு பேர் போயிருக்கிறார்கள். ஆண்களிலோ இருபதில் மூன்று, அதாவது நூற்றுக்குப் பதினைந்து. பெட்டி அட்டை ஒன்றைக் கிழித்து அதில் கிறுக்கிக்கொண்டு, படிகளை இரண்டிரண்டாகத் தாவினாள்.

மேலாளர் அறைக் கதவைத் தட்டினாளா என்பது அவளுக்கே நினைவில்லை. நேர்காணலுக்கு வந்த மீசைக்காரர் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் பெண்கள் கூட்டம் பெரிது, அதனால் போகிறவர்களிலும் அவர்கள் தலைதான் அதிகம் தெரியும், அதை வைத்துப் பெண்கள் போய்விடுவார்கள் என்று சொல்வது எந்த ஊர்க் கணக்கு என்று மூச்சுவிடாமல் கொட்டினாள். மேலாளர் கால்குலேட்டரைத் தட்டினார். மறுபடி தட்டினார்.

"அட, ஆமா. அப்ப ஆம்பளைங்கதான் அதிகமா ஓடுறாங்க. சரி, இவர் வேண்டாம். உங்க சித்தியையே போட்டுடலாம்."

மீசைக்காரரின் முகம் செத்துப்போயிற்று. ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூடத் தாமதமாக வராத மனுஷன். டிகிரி சரிங்க சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் சித்திக்கு வேலை. வார்த்தை நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

"அதுவும் தப்பு சார்," என்றாள் டிகிரி, தன்மீதே எரிச்சலோடு. "ஓடிப்போன மூணு பேருக்கு இவர் எப்படிப் பொறுப்பாவார்? இவரைப் பத்தித் தெரியணும்னா இவர் பதிவேட்டைப் பாருங்க. எங்க சித்தியைப் பத்தின்னா சித்தியோடதைப் பாருங்க."

மேலாளர் அட்டையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் இருவரின் பதிவேடுகளையும் கொண்டுவரச் சொன்னார். படித்து முடித்து, இருவரும் ஆளுக்கொரு வாரம் கூடத்தை நடத்திக் காட்டட்டும், பிறகு முடிவு செய்யலாம் என்றார்.

கீழே வந்து சொன்னதும் சித்தி தலையில் அடித்துக்கொண்டாள்.

"கைக்கு வந்ததை வேண்டாம்னுட்டு வந்தியா? உன் படிப்புல தீயை வைக்க."

திட்டி ஓய்ந்து, முதல் வாரம் யாருக்கு என்று கேட்டாள். உனக்குத்தான், திங்கள்கிழமையிலிருந்து என்றாள் டிகிரி. சித்தி கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"அந்த மூணாவது மேசையை ஜன்னல் பக்கம் தள்ளணும்," என்றாள். "வெளிச்சமே இல்லாம எத்தனை வருஷமா அடைக்கிறாளுங்க. வா, ஒரு கை புடி."