முந்தின வசனம்

லிடியாவும் அவள் அப்பாவும் பேசிய இந்தப் பேச்சு திராட்சைத் தோட்டத்தில் நடந்ததா, சமையலறையிலா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. லிடியா ஒரு முறை தோட்டம் என்றாள். பல வருடம் கழித்துக் கேட்டபோது அடுப்படி என்றாள். அவள் சொன்னதை நானும் மறந்திருக்கலாம். தோட்டம் என்றே வைத்துக்கொள்கிறேன். பிப்ரவரி மாதம் எங்கள் ரெம்ஸ் பள்ளத்தாக்கில் கொடிகளைக் கவாத்து செய்யாமல் யார் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்?

லிடியாவின் அப்பா இம்மானுவேல் ரோமிங்கருக்கு எங்கள் ஜெபக் கூடுகையில் மேசையில் ஓர் இடம் இருந்தது. ஞாயிறு மதியம் சகோதரர்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஓர் அதிகாரத்தை எடுத்து, ஒருவர் பின் ஒருவராக விளக்கம் சொல்வார்கள். பெண்கள் சுவரோரப் பெஞ்சில் இருந்து கேட்பார்கள். பாட்டு வரும்போது மட்டும் பெண்களின் குரலும் வரும்.

1943 வசந்தத்தில், லிடியாவின் கணவன் கொன்ராட் ருஷ்யப் போர்முனையில் காணாமல் போனதாகக் காகிதம் வந்தது. அவளுக்கு இருபத்து மூன்று வயது. கல்யாணமாகிப் பதினாறு மாதம். இம்மானுவேல் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதைத்தான் செய்தார். கண்ணை மூடி ஜெபித்து, மூடியிருந்த வேதாகமத்தின் ஓரத்தில் கட்டைவிரலை அழுத்தித் திறந்தார். விரல் எரேமியாவில் விழுந்தது. முப்பத்தோராம் அதிகாரம், பதினாறாம் வசனம். அழாதே, கண்ணீரை அடக்கு, அவர்கள் பகைவன் தேசத்திலிருந்து திரும்பி வருவார்கள்.

"பாத்தியா? பகைவன் தேசம்னே போட்டிருக்கு. இனிமே அழக்கூடாதும்மா. அழுதா கடவுளை நம்பலன்னு ஆயிடும்."

லிடியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு அவள் அழுது யாரும் பார்க்கவில்லை.

ஐந்து வருடம் போயிற்று. பீப்பாய் செய்யும் தியோபில், மனைவியை இழந்தவன், இரண்டு பெண் குழந்தைகளோடு இருந்தவன், நல்ல கோட்டு போட்டுக்கொண்டு வந்து லிடியாவைக் கேட்டான். கொன்ராட் இறந்ததாக நீதிமன்றத்தில் எழுதி வாங்கிவிடலாம் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"கடவுள் உயிரோட வெச்சிருக்கிறவன கோர்ட்டுல சாகடிக்கச் சொல்றியா?" என்றார் இம்மானுவேல்.

தியோபில் லிடியாவைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். அந்த அறுவடைக்குள் அவன் பக்கத்து ஊரில் பெண் எடுத்துவிட்டான்.

1955 இலையுதிர் காலத்தில் புதிதாக வந்த இளம் போதகர் வெர்னர், செவ்வாய்க்கிழமைகளில் பள்ளி அறையில் ஒரு வகுப்பு ஆரம்பித்தார். வேதாகமத்தை எப்படிப் படிப்பது என்று. இம்மானுவேல், ஆள் விசுவாசத்தில் சரியா என்று பார்க்கப் போனார். ரொட்டிக்கடை எபர்ஹார்ட், அங்கே அடுப்பு நன்றாக எரிகிறது என்று போனார். போதகர் பலகையில் மூன்று கேள்விகள் எழுதினார். பேசுவது யார், யாரிடம் பேசுகிறார், முன்னும் பின்னும் என்ன இருக்கிறது.

"கடிதம் யார் பேருக்கு வந்ததுன்னு பாக்காம பிரிக்காதீங்க" என்றார்.

"அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லையா, ஐயா?" என்றார் எபர்ஹார்ட். "இவ்ளோ பெரிய புஸ்தகத்துல எபர்ஹார்ட்னு ஒரு பேரு நான் பாக்கலையே!"

சிரிப்பு அடங்கும் வரை போதகர் காத்திருந்தார். "அடுத்தவங்களுக்கு வந்த கடிதத்தையும் நீங்க படிக்கலாம். எழுதினவர் எப்படிப்பட்டவர்னு தெரிஞ்சுக்கலாம். ஆனா அவங்களுக்குக் குடுத்த வாக்கை எடுத்து உங்க பையில போட்டுக்க முடியாது."

ஆளுக்கொரு பகுதியை எடுத்து எழுதி வரச் சொன்னார். இம்மானுவேல் தன் வசனத்தையே எடுத்தார். சாட்சி சொல்ல அதைவிட நல்ல இடம் அவருக்கு இல்லை.

சமையலறை மேசையில் பென்சிலோடு உட்கார்ந்தார். பேசுவது யார்? கர்த்தர். யாரிடம்? அங்கே பென்சில் நின்றது. எப்போதோ இறந்துபோன ராகேலிடம். பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட தன் சந்ததிக்காக அவள் அழுகிறாள். அவர்கள் திரும்பியும் வந்தார்கள், இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்பு. இம்மானுவேல் அதிகாரத்தை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை படித்தார். கொன்ராட் அதில் எங்கும் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை சளி என்று சொல்லி வகுப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை.

அப்போதுதான் ருஷ்யாவிலிருந்து கடைசிப் போர்க்கைதிகளோடு ரயில்கள் வந்துகொண்டிருந்தன. ரேடியோவில் பெயர்களை வாசிப்பார்கள். லிடியா கையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்று கேட்பாள். அப்பாவும் பக்கத்தில் நிற்பார், உதடுகள் அசையும். மருமகனுக்காக அல்ல, தன் விளக்கம் பொய்யாகிவிடக் கூடாது என்றுதான் அவர் வேண்டிக்கொண்டார். இதைப் பின்னால் அவரே சொன்னார். ஜனவரியில் கடைசிப் பட்டியலும் முடிந்து பாட்டுப் போட்டார்கள். லிடியா ரேடியோவை அணைத்துவிட்டு, மீதியிருந்த துணிகளைத் தேய்த்தாள்.

பிப்ரவரியில் இருவரும் மேல்சரிவில் கவாத்து செய்துகொண்டிருந்தார்கள். மூன்றாவது வரிசை முடிந்ததும் அவர் கூப்பிட்டார்.

"லிடியா."

"ம்."

"அந்த வசனத்தை நான் தப்பாப் படிச்சுட்டேன்ம்மா. அது உனக்குச் சொன்னதில்ல. கொன்ராடப் பத்தினதும் இல்ல."

அவள் கத்தரி நிற்கவில்லை. "தெரியும்ப்பா."

"எப்போலேருந்து?"

"காகிதம் வந்த அடுத்த ஞாயித்துக்கிழமை. நீங்க கூட்டத்துக்குப் போனப்புறம் மொத்தத்தையும் படிச்சேன்."

அவர் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஏன்ம்மா சொல்லல?"

"எங்கேருந்து சொல்றது? பெஞ்சுலேருந்தா?"

"வீட்ல சொல்லியிருக்கலாமே. தியோபில் வந்தப்பவாவது."

"சொல்லியிருந்தா, எனக்கு விசுவாசம் வரணும்னு மேசையில எந்திரிச்சு ஜெபம் பண்ணியிருப்பீங்க. பண்ணியிருக்க மாட்டீங்களா?"

அவர் அடுத்த கொடிக்கு நகர்ந்தார்.

"பாதி நானும் நம்பினேம்ப்பா. ஊருக்கே விளக்கம் சொல்றவரு. எனக்குத் தெரியாதது உங்களுக்கு எதாவது தெரியுமோன்னு." வெட்டிய குச்சிகளை அவள் காலால் ஒதுக்கினாள். "உங்க விரலு பதினாறுல விழுந்துச்சு. பதினஞ்சைப் பாத்தீங்களா?"

"இப்பத்தான் பாத்தேன்."

"அதுல அவ அழறா. ஆறுதலே வேணாங்கறா. அவ அழுது முடிக்கறவரைக்கும் கடவுள் கேட்டுட்டுத்தான் இருக்காரு. அப்புறம்தான் அழாதேங்கறாரு. நீங்க அதத் தாண்டி எனக்குக் குடுத்துட்டீங்க."

அவர் தன் கத்தரியை மடக்கிப் பையில் போட்டார்.

"இப்ப அழும்மா" என்றார்.

"இப்ப வரலப்பா."

அந்த ஞாயிற்றுக்கிழமை இம்மானுவேல் மேசையில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னார், ரேடியோ முன்னால் எதற்காக வேண்டினார் என்பது உட்பட.

"அப்போ எங்கம்மா விரல் வெச்சுத்தானே எனக்குப் பொண்ணு முடிவு பண்ணாங்க. அது?" என்றார் எபர்ஹார்ட். யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

இம்மானுவேல் பெஞ்சின் பக்கம் திரும்பினார். "நம்மள்ல சரியாப் படிச்சவ ஒருத்திதான். அவ பேசட்டும், சகோதரர்களே."

மேசையில் ஒருவர் முகம் ஒருவர் பார்த்தார்கள். லிடியா தலையை அசைத்து மறுத்தாள். யாரோ பாட்டை ஆரம்பித்தார்கள், எல்லோரும் சேர்ந்துகொண்டோம்.

இம்மானுவேல் மேசையில் தன் இடத்தை விட்டுக்கொடுத்து, கதவோர நாற்காலியில் வாய் திறக்காமல் இருந்து, 1963இல் இறந்தார். போதகர் வெர்னர் இரண்டு வருடத்தில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். எபர்ஹார்ட் ரொட்டிக்கடையை மருமகனிடம் கொடுத்தார். தியோபிலின் இரண்டு பெண்களும் நல்ல இடத்தில் வாழ்க்கைப்பட்டார்கள். அவன் இரண்டாவது மனைவிக்கு முன்பே போய்ச் சேர்ந்தான். கொன்ராட் 1943 ஜனவரிச் சண்டையிலேயே இறந்திருக்க வேண்டும் என்று 1971இல் ஒரு காகிதம் வந்தது. லிடியா மறுபடி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோட்டத்தை விற்றுவிட்டு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். 1994இல் அங்கேயே இறந்தாள்.